பிடித்து விட்டேன்: மாமாவின் நோட்டுகளை அச்சுக்குத் தயார் செய்தபோது

முதல் பைலைத் திறந்ததும் கண்ணில் பட்ட வரி இது: ‘காலை எட்டு மணிக்கு 11 முஏ லைனில் வேலை.’ அடுத்த பத்தியில் ‘ர்வு லைன்’, அதற்கும் கீழே ‘டுவு லைன்’. மாமா மின்வாரியத்தில் 1975இல் ஹெல்பராகச் சேர்ந்து, லைன் இன்ஸ்பெக்டராக 2005இல் ஓய்வு பெற்றவர். கே.வி. (கிலோவோல்ட்), எச்.டி. (உயர் அழுத்தம்), எல்.டி. (தாழ்வழுத்தம்) என்ற எழுத்துகளைத் தவிர வேறெதையும் அவர் அந்த இடங்களில் எழுதியிருக்க வாய்ப்பில்லை.

ஓய்வுக்குப் பிறகு அவர் மூன்று நோட்டுகளில் தன் வேலைக்கால நினைவுகளை எழுதி வைத்திருந்தார். எழுபதாவது பிறந்தநாளுக்கு அதை முந்நூறு பிரதி அச்சடித்து உறவினர்களுக்கும் அவருடன் வேலை பார்த்தவர்களுக்கும் கொடுக்கலாம் என்று வீட்டில் முடிவானது. எனக்குத் தமிழில் கொஞ்சம் பிழை திருத்தத் தெரியும் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு மாதம் போதும் என்று நினைத்தேன். ஏழு மாதம் ஆனது.

நோட்டுகளை ஊரில் ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்து வாங்கியிருந்தார்கள். அங்கே பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார்கள். பாமினி, இன்று கணினிகளில் பொதுவாக வழங்கும் யூனிகோடு எழுத்து முறைக்கு முந்தைய காலத்து ஏற்பாடு. ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் எழுத்துகளை உட்கார வைத்திருக்கும். அரைப்புள்ளி விசையை அழுத்தினால் மெய்யெழுத்தின் புள்ளி விழும். ஆங்கிலம் வரும் இடத்தில் தட்டச்சு செய்பவர் எழுத்துருவை மாற்றிக்கொள்வார், திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் மொத்தத்தையும் வெறும் எழுத்தாக எடுத்து, யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருளில் போட்டால் எது தமிழ், எது ஆங்கிலம் என்று அதற்குத் தெரியாது. பெரிய கே எழுத்தின் இடத்தில் மு, வி எழுத்தின் இடத்தில் ஏ. ஆகவே 11 கே.வி. லைன் 11 முஏ லைன் ஆகிவிட்டது. இது புரிந்த பிறகு திருத்துவது எளிதுதான். புரியும்வரை ‘ர்வு’ என்பது தஞ்சாவூர் வட்டாரச் சொல்லோ என்று இரண்டு நாள் யோசித்திருக்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகள்தான் அதிகம் படுத்தின. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறிக்கு ள எழுத்தையே பயன்படுத்துவார்கள். மாற்றும் மென்பொருள் அதை ள என்றே எடுத்துக்கொண்டதால் மௌனம் ‘மெளனம்’ ஆகவும் பௌர்ணமி ‘பெளர்ணமி’ ஆகவும் மாறியிருந்தன. படிக்கும்போது வித்தியாசம் கண்ணில் படாது. பௌர்ணமி எத்தனை இடத்தில் வருகிறது என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை என்றது கணினி. அமாவாசை, பௌர்ணமி பார்த்து வரப்பில் நடந்தவர் மாமா, அந்தச் சொல் இல்லாமல் இருக்குமா? அப்போதுதான் சந்தேகம் வந்தது. ஸ்ரீ எழுத்திலும் இதே தொல்லை. யூனிகோடில் அதை ஸகரத்தை வைத்தும் எழுதலாம், 2005இல் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கோயில் பெயர்களைத் தேடினால் பாதிதான் கிடைத்தன. எனவே எந்தத் திருத்தத்துக்கும் முன்பாக எழுத்துகளை ஒரே முறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். இதைச் செய்யாமல் ஒற்றுப்பிழை பார்க்க உட்காருபவர்கள் அடித்தளம் காயாமல் சுவர் எழுப்புகிறார்கள்.

தட்டச்சு செய்தவரை முழுதாகக் குற்றம் சொல்லவும் முடியாது. மாமாவின் கையெழுத்து அப்படி. அவர் ஐம்பதுகளின் இறுதியில் பள்ளியில் எழுதப் பழகியவர். தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பு லை, ளை, னை, ணை நான்குக்கும் யானைத் துதிக்கை மாதிரி ஒரு கொம்பு மேலே வளைந்திருக்கும். றா, னா, ணா ஆகியவற்றில் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சுழித்துக்கொள்ளும். ஒகர ஓகார வரிசையோடு சேர்த்து மொத்தம் 13 எழுத்துகள் மாறின. மாமா மாறவில்லை. கூடவே, வேகமாக எழுதும்போது அவர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. ஓலைச்சுவடி எழுதியவர்களும் புள்ளி வைக்க மாட்டார்கள், அங்கே காலுக்கும் ரகரத்துக்கும் உருவ வேறுபாடும் கிடையாது. பழைய பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டில் நூற்றில் ஒரு பங்கை நானும் பட்டேன். படத்திலிருந்து எழுத்தைப் படித்துத் தரும் ஒளிவழி எழுத்துணரியில் ஒரு பக்கத்தைக் கொடுத்துப் பார்த்தேன். வந்ததை இங்கே எழுதினால் மரியாதையாக இருக்காது. கடைசியில் நோட்டை ஒரு பக்கமும் திரையை மறுபக்கமும் வைத்து வரி வரியாகப் படித்தேன். மாற்று வழி இல்லை.

முடிவுகளை எழுதி வைத்த தாள்

பத்துப் பக்கம் திருத்தியதும் ஒன்று விளங்கியது. மூன்றாம் பக்கத்தில் ‘கோவில்’ என்று விட்டிருக்கிறேன், எட்டாம் பக்கத்தில் ‘கோயில்’ என்று திருத்தியிருக்கிறேன். இரண்டும் சரி, ஆனால் ஒரே புத்தகத்தில் இரண்டும் வரக்கூடாது. அன்று ஒரு தாளை எடுத்து, எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் தேதியோடு எழுதத் தொடங்கினேன். அந்தத் தாள் பின்னால் பதினொரு பக்கம் ஆனது.

முதலில் எழுதியது டிரான்ஸ்பார்மர். தட்டச்சு செய்த பைலில் அந்தச் சொல் ஆறு விதமாக இருந்தது: டிரான்ஸ்பார்மர், ட்ரான்ஸ்பார்மர், டிரான்ஸ்பார்மார், டிரான்ஸ்பாரம், ட்ரான்ஸ்ஃபார்மர், மின்மாற்றி. கடைசி இரண்டும் மாமா எழுதியவை அல்ல. கடையில் யாரோ திருத்தம் செய்திருக்கிறார்கள். மின்மாற்றி நல்ல சொல், பாடப்புத்தகத்தில் அதுதான் இருக்க வேண்டும். ஆனால் நள்ளிரவில் மழையில் சைக்கிள் மிதித்துப் போய் மின்மாற்றியில் எவரும் பியூஸ் கட்டுவதில்லை. மாமா ஃ எழுத்தை எங்கேயும் பயன்படுத்தவே இல்லை என்பதையும் கவனித்தேன். ஆகவே முடிவு: டிரான்ஸ்பார்மர், பியூஸ், பீடர் எல்லாம் ஃ இல்லாமல். டிரான்ஸ்பாரம் என்பதை மட்டும், ஊர்க்காரர்கள் பேசுவதாக மாமா எழுதிய இடங்களில் அப்படியே விட்டேன். அது பிழையல்ல, அவர் காதில் விழுந்தது.

கம்பம், போஸ்ட், தூண் மூன்றும் இருந்தன. ஒன்றாக்கலாம் என்று பார்த்தால் மாமா அவற்றை வேறுவேறு பொருளில் எழுதியிருந்தார். சிமெண்டில் வார்த்தது போஸ்ட், மரத்தில் நட்டது கம்பம், மாரியம்மன் கோயில் வாசலில் இருப்பது தூண். ‘மின்கம்பம்’ என்று மொத்தமாக மாற்றியிருந்தால் ஊரில் மரக்கம்பங்கள் போய் சிமெண்ட் போஸ்ட் வந்த காலமே புத்தகத்திலிருந்து போயிருக்கும். தாளில் இதைக் கட்டம் கட்டி எழுதினேன்: ஒரே பொருளுக்குப் பல சொல் என்று தோன்றினால் ஆசிரியரைக் கேட்காமல் கை வைக்காதே.

வருஷம், ஜனங்கள், ஜில்லா ஆகியவை அப்படியே. அவர் வேலை பார்த்த ஊர்கள் இன்று திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் இருக்கின்றன. நாகப்பட்டினம் 1991இலும் திருவாரூர் 1997இலும்தான் தனி மாவட்டங்களாயின. அவர் 1977ஐப் பற்றி எழுதும்போது ‘தஞ்சாவூர் ஜில்லா’ என்பதே சரி. உதவிக்கு வந்த தம்பி ஒருவர் அதையெல்லாம் புதுப்பித்துக் கொடுத்தார், நான் பழையபடி ஆக்கினேன்.

எண்களுக்கு விதி: ஆட்கள், நாள்கள் பத்து வரை எழுத்தில், அளவும் ஆண்டும் இலக்கத்தில். ‘ஐந்து பேர்’, ஆனால் ‘8 மீட்டர் போஸ்ட்’. ஆண்டோடு உருபு சேரும்போது ‘1977-ல்’, ‘1977 ல்’, ‘1977இல்’ என்று மூன்று விதம் இருந்தன, மூன்றாவதை எடுத்துக்கொண்டேன். நாள்களா, நாட்களா என்ற வழக்கு தனி. ‘நாட்கள்’ என்றால் அன்று இறக்கிய கள் என்று பொருளாகும் என்பார் ஒரு சாரார். வழக்கில் வந்துவிட்டதே என்பார் மறு சாரார். எனக்கு இரண்டிலும் பிடிவாதம் இல்லை. கள்ளுக்கடை பற்றி மாமா ஓர் அத்தியாயமே எழுதியிருந்ததால் குழப்பம் வேண்டாம் என்று ‘நாள்கள்’ போட்டேன்.

மாற்று பொத்தானும் கருப்பசாமியும்

நிறத்தைக் குறிக்கும் சொல் ‘கறுப்பு’ என்று தாளில் எழுதினேன். பைலில் நாற்பது இடத்தில் ‘கருப்பு’ இருந்தது. கருப்பான, கருப்பாக என்றும் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே தட்டில் பிடிக்க ‘கருப்ப’ என்று தேடி ‘கறுப்ப’ என்று மாற்றும்படி சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது கருப்பசாமி கறுப்பசாமி ஆகியிருந்தார். கருப்பட்டிக் காப்பி கறுப்பட்டிக் காப்பி ஆகியிருந்தது. கரும்பிலிருந்து வந்த கருப்பஞ்சாறும் தப்பவில்லை. தேடிய ‘கருப்பு’ சரியாகவே மாறியிருந்தது, தேடாதவையும் கூடவே மாறியிருந்தன. யூனிகோடில் உயிர்க்குறி தனி எழுத்தாக நிற்கும்; அகர எழுத்தோடு முடித்தால் கணினி அதை ‘கருப்பா’, ‘கருப்பை’, ‘கருப்பு’ எல்லாவற்றிலும் கண்டுபிடிக்கும். எது நிறம், எது பெயர் என்று அதற்குத் தெரியாது. ‘முழுச் சொல் மட்டும்’ போன்ற தேர்வுகளும் தமிழில் நம்பும்படி இல்லை. சில மென்பொருள்கள் உயிர்க்குறியையே சொல்லின் எல்லை என்று எடுத்துக்கொள்கின்றன. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்து ‘சரி, மாற்று’ என்று சொல்லியே மாற்றினேன்.

கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றக்கூடியவையும் உண்டு. தமிழில் றகர மெய்க்குப் பின் இன்னொரு மெய் வராது. ஆகவே ‘அதற்க்கு’, ‘முயற்ச்சி’, ‘கற்ப்பனை’ எல்லாம் எங்கே வந்தாலும் பிழை. இவற்றை இருநூறுக்கும் மேல் ஒரே மூச்சில் திருத்தியது இந்த ஏழு மாதத்தில் நான் மிகவும் மகிழ்ந்த பத்து நிமிடம்.

ஒற்றில் நான் அதிகம் சறுக்கினேன். இரண்டாம் வேற்றுமை ஐ உருபுக்குப் பின்னும் நான்காம் வேற்றுமை கு உருபுக்குப் பின்னும் வல்லினம் மிகும்: கம்பியைப் பிடித்தேன், வீட்டுக்குப் போனேன். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின்னும் அப்படியே. அது, இது என்பவற்றுக்குப் பின் மிகாது. வந்த, சொன்ன போன்ற பெயரெச்சங்களுக்குப் பின்னும் மிகாது. இவ்வளவு தெரிந்தால் முக்கால் பங்கு முடிந்துவிடும். ஆனால் ஐகாரத்தில் முடிந்தாலே ஐ உருபு என்று கை பழகிவிடுகிறது. ‘1974இல் வேலை கேட்டு அலைந்தேன்’ என்று மாமா எழுதியிருந்தார். நான் ஒரு க் சேர்த்து ‘வேலைக் கேட்டு அலைந்தேன்’ ஆக்கிவிட்டேன். வேல் என்ற சொல்லோடு ஐ சேர்ந்தால்தான் அப்படி வரும். மாமா சூரசம்ஹாரத்துக்குக் கிளம்பிவிட்டார்! அதே வேகத்தில் ‘மழைக் கொட்டியது’, ‘சப்ளைக் கொடுத்தோம்’ என்றும் செய்திருந்தேன். திரும்ப வந்து ஒவ்வொரு ஐகாரத்தையும் பார்க்க ஒரு வாரம் ஆனது. ஆங்கிலச் சொற்களுக்குப் பின் ஒற்றுப் போடுவதில்லை என்று தாளில் எழுதிக்கொண்டேன். ‘பியூஸ் கட்டை’ அப்படியே இருக்கட்டும்.

கயிறு

புத்தகத்தின் நடுவில் புயல் அத்தியாயம் இருக்கிறது. மாமா அதற்கு ‘பிங்கள வருஷம் ஐப்பசி’ என்று மட்டும் தலைப்பிட்டிருந்தார். நாகப்பட்டினம் பக்கம் புயல் கரையைக் கடந்தது 1977 நவம்பர் 12, சனிக்கிழமை. அவர் வரிகளில் ‘சனிக்கிழமை விடியறதுக்குள்’ என்று இருந்ததால் நாள் பொருந்தியது. தலைப்பை மாற்றாமல் அடியில் ஆங்கிலத் தேதியைச் சேர்த்தேன். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும், பேரப்பிள்ளைகளுக்குக் கணக்குப் போட நேரம் இருக்காது.

புயல் போன பிறகு சாய்ந்த போஸ்ட்களுக்குப் பதில் புதிது நட்டு, கயிறு கட்டி கிராஸ் ஆர்ம் (கம்பிகளைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) ஏற்றுகிறார்கள். கீழே கயிற்றைப் பிடித்திருந்தவருக்குச் சேற்றில் கால் வழுக்குகிறது. பக்கத்தில் நின்ற மாமா பாய்கிறார். நோட்டில் அடுத்த வரி: ‘நான் கயிற்றை பிடித்து விட்டேன்.’

துணைவினையைச் சேர்த்து எழுதுவது, முதன்மை வினையாக நின்றால் பிரித்து எழுதுவது என்று தாளில் முன்பே முடிவு செய்திருந்தேன். வந்துவிட்டான் என்றால் வருகை முடிந்தது. வந்து விட்டான் என்றால் கூட வந்து யாரையோ கொண்டுபோய் விட்டான். அந்த விதிப்படி நூற்றுக்கணக்கான ‘விட்டேன்’களை முந்தைய சொல்லோடு சேர்த்து ஒட்டியிருந்தேன், இதையும் சேர்த்து. ‘நான் கயிற்றைப் பிடித்துவிட்டேன்.’ ஒற்றும் போட்டாயிற்று. கதையும் நன்றாக இருந்தது.

இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அதற்குப் பிந்தைய வரி இடித்தது. ‘ஆர்ம் வயலில் விழுந்து பாதி புதைந்து போச்சு.’ பிடித்துவிட்டால் அது ஏன் விழ வேண்டும்? நோட்டைப் பார்த்தேன். மாமா எல்லாச் சொற்களுக்கும் நடுவே ஒரே அளவு இடம் விடுபவர் அல்லர். ‘பிடித்து’க்கும் ‘விட்டேன்’க்கும் நடுவில் இருப்பது இடைவெளியா, பேனா தாவியதா என்று சொல்ல முடியவில்லை. பூதக்கண்ணாடியிலும் தெரியவில்லை. போன் செய்தேன்.

“மாமா, அந்தக் கயிற்றை நீங்கள் பிடித்தீர்களா, இல்லையா?”

“பிடித்தேன் மாப்பிள்ளை. உள்ளங்கைத் தோல் உரிந்தது. விட்டேன்.”

“யாருக்கும் அடி படவில்லையே?”

“கீழே ஆள் இல்லை என்று பார்த்துத்தான் விட்டேன். நீ என்ன போட்டிருக்கிறாய்?”

சொன்னேன். சற்று நேரம் சிரித்தார். “அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட இருந்தவர்களில் இரண்டு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.”

பிரித்தேன். அதோடு விடவில்லை, சேர்த்து ஒட்டியிருந்த எல்லா ‘விட்டேன்’, ‘கொண்டேன்’, ‘வைத்தேன்’களையும் நோட்டோடு மறுபடி ஒப்பிட்டேன். இன்னும் நான்கு இடங்கள் சிக்கின. ‘சாவியை எடுத்துக்கொண்டேன்’ என்று நான் ஒட்டிய ஓரிடத்தில் மாமா எழுதியது ‘எடுத்துக் கொடுத்தேன்’. அது ஒட்டியதில் வந்த பிழை அல்ல. அவசரத்தில் படித்ததில் வந்தது.

பக்கக் கணக்கு

டெம்மி எட்டில் ஒன்று அளவு, அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். முதல் வடிவமைப்பில் 151 பக்கம் வந்தது. அச்சகத்தில் 16 பக்கம் ஒரு பாரம். 144 என்றால் ஒன்பது பாரம், 145ஆம் பக்கம் தொடங்கிவிட்டால் பத்தாவது பாரத்துக்கும் காகிதம் எண்ண வேண்டும். எழுத்தைச் சிறிதாக்க எனக்கு மனமில்லை, படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்குக் கண்ணில் புரை. வரிகளுக்கு இடையிலான இடத்தைக் கொஞ்சம் குறைத்துப் பக்கத்துக்கு 29 வரி என்பதை 31 ஆக்கினேன். 141இல் நின்றது.

வரி உடையும் இடங்களைக் கையால் பார்க்க வேண்டியிருந்தது. தமிழில் ஒரு வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக்கூடாது. பக்கம் என்ற சொல்லை உடைத்தால் ‘பக்’ மேலேயும் ‘கம்’ கீழேயும் போகலாம். ‘ப’ மேலே தனியாக நின்று ‘க்கம்’ கீழே போகக்கூடாது. மென்பொருள் இதைப் பெரும்பாலும் பார்த்துக்கொள்கிறது, டிரான்ஸ்பார்மர் போன்ற நீளமான சொற்களில் தடுமாறுகிறது. தலைப்பெழுத்துகளும் பெயரும் இரண்டு வரியில் பிரிந்துவிடாமல் உடையா இடைவெளி போட்டேன். விற்பனைக்கு இல்லை என்பதால் ஐ.எஸ்.பி.என். வாங்கவில்லை, இந்தியாவில் அதற்குக் கட்டணம் கிடையாது, விண்ணப்பிக்கும் பொறுமைதான் என்னிடம் தீர்ந்திருந்தது.

மூன்றாம் புரூபை மாமாவிடம் கொடுத்தேன். சிவப்புப் பேனாவோடு நான்கு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். மொத்தம் ஒன்பது திருத்தம். அதில் ஏழு, இறந்துபோன சக ஊழியர்களின் பெயருக்கு முன் ‘அண்ணன்’ சேர்த்தது. ஓரத்தில் அவர் எழுதிய ‘இல்லை’யில் லைக்கு வழக்கம்போலத் துதிக்கை இருந்தது.

கடைசியில் மூன்று பக்கம் காலியாக மிச்சம். முதலில் குடும்பப் புகைப்படம் போடலாம் என்றார்கள். நான் நோட்டிலிருந்து கயிறு வரும் பக்கத்தை 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்தேன். கோடு போட்ட தாளின் நீலக் கோடுகளை நீக்கி, மையை மட்டும் கறுப்பில் நிறுத்தினேன். அது 143ஆம் பக்கத்தில், வலப்புறம், எந்தக் குறிப்பும் இல்லாமல் இருக்கிறது. முன்னும் பின்னும் உள்ள பக்கங்களை வெறுமையாக விட்டுவிட்டேன்.